கேட்டில் ஹவில்தார், டிஸ்சார்ஜ் புக்கில் நாயக்

கேள்வி: சுபேதார் சாப், வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம். 1983-ல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 2002 ஜூனில் சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ் வாங்கி வந்தேன். 2001 மார்ச்சில் காஷ்மீரில் ஆர்ஆர் (ராஷ்டிரிய ரைஃபிள்ஸ், பல ரெஜிமென்டுகளிலிருந்தும் ஆள் அனுப்பி நடத்தும் படை) பட்டாலியனில் இருந்தபோது ஹவில்தார் ப்ரமோஷன் வந்தது. கம்பெனி கமாண்டரே பட்டை குத்திவிட்டார். பதினைந்து மாதம் மூன்று பட்டையோடுதான் இருந்தேன். ஆனால் டிஸ்சார்ஜ் புக்கிலும் பிபிஓவிலும் (பென்ஷன் வழங்கும் ஆணை) ஒரு படி கீழே, நாயக் என்று இருக்கிறது. வரும்போது அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத அவசரம், பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டேன். போன மாதம் ஸ்பர்ஷ் பென்ஷன் இணையதளத்தில் விவரம் சரிபார்க்கும்போது மகன்தான் காட்டினான். எங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் இருக்கும் வெலிங்டன் பக்கத்தில்தானே, நேரில் போய் பெரிய அதிகாரியைப் பார்த்தால் திருத்திக் கொடுப்பார்களா? நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வை என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டு கேட்டில் ஹவில்தார் என்று பலகை மாட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் நாயக்காக வீட்டுக்கு வரவில்லை சாப்.

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தோடு வந்த நகல்களை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கம், பிபிஓ, அப்புறம் அந்த போட்டோ. போட்டோவில் மூன்று பட்டை தெளிவாகத் தெரிகிறது. அதை நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்புவதால் உங்களுக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. இருபத்தாறு வருஷம் பட்டாளத்து ஆபீஸ்களில் கிளார்க்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் நம்புவது ஒரே ஒரு காகிதத்தைத்தான். அதன் பெயர் பார்ட் டூ ஆர்டர், ப்ரமோஷன் மாதிரி மாற்றங்களை யூனிட் எழுதி வெளியிடும் உத்தரவு.

அஃபிடவிட் கதையை முதலில் முடித்துவிடுவோம். பெயரில் எழுத்துப் பிழை, மனைவி பெயர் விட்டுப்போனது, இந்த மாதிரிக் காரியங்களுக்கு அஃபிடவிட் கேட்பார்கள். அது உங்கள் குடும்பத்து விஷயம், நீங்கள் சத்தியம் செய்து சொன்னால் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. ராங்க் அப்படி இல்லை. அது சர்க்கார் உங்களுக்குக் கொடுத்தது. "எனக்குக் கொடுத்தார்கள்" என்று நீங்களே முத்திரைத் தாளில் எழுதிக் கொடுப்பதை யாரும் ஆதாரமாக எடுக்க மாட்டார்கள். நோட்டரிக்குக் கொடுக்கும் காசில் வீட்டுக்கு வர்க்கி வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலர் டிஸ்சார்ஜ் புக்கில் பேனாவை வைத்துவிடுகிறார்கள். அதே நீல மையில் 'நாயக்' மேல் கோடு போட்டு 'ஹவில்தார்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம். அந்த நிமிடம் வரைக்கும் அது உங்கள் பக்கத்து ஆதாரம். அதற்கு அப்புறம் உங்கள் மேல் வழக்குப் போடுவதற்கான ஆதாரம். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை, சந்தோஷம். மழைக்காலத்தில் ப்ரமோஷன் பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தாலும் காகிதம் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பக்கத்தைக் கையால் பிய்க்காதீர்கள். லேமினேட் செய்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், லேமினேட் செய்த டிஸ்சார்ஜ் புக்கில் யாரும் திருத்தம் எழுதி முத்திரை வைக்க முடியாது. வெயில் இருக்கும் நாளில் நிழலில் விரித்துக் காய வையுங்கள். பிரிகிற வரைக்கும் பிரியட்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

'ராங்க் தப்பாக இருக்கிறது' என்று எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ராங்கைப் பற்றியே இருக்காது. போன வாரம் கூடலூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஹவில்தார் சம்பளம் வாங்கினேன், நாயக் பென்ஷன் புக் கொடுத்துவிட்டார்கள் என்று கோபம். கேட்டுப் பார்த்தால் அவருக்குக் கிடைத்தது எம்ஏசிபி. 8, 16, 24 வருஷ சர்வீசில் ப்ரமோஷன் வராதவருக்கு அடுத்த படிச் சம்பளம் கொடுக்கும் திட்டம் அது. சம்பளம் ஏறும், தோளில் பட்டை ஏறாது. அவர் பிபிஓவில் தப்பே இல்லை. உங்கள் காலத்தில் அது கிடையாது, நீங்கள் வந்து ஒரு வருஷம் கழித்து 2003-ல்தான் அதன் முன்னோடியான ஏசிபி வந்தது. அதனால் அந்தக் குழப்பத்தை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

உங்களுக்குச் சம்பந்தப்பட்டது பத்து மாதக் கணக்கு. பிபிஓவில் உங்கள் ராங்க் என்று இருப்பதும், எந்த ராங்கில் பென்ஷன் என்று இருப்பதும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2006-க்கு முன்னால் வந்தவர்களுக்கு, கடைசிப் பத்து மாதம் வகித்த ராங்கைப் பார்த்துத்தான் பென்ஷன் போட்டார்கள். வீட்டுக்கு வர ஆறு மாதம் இருக்கும்போது ஹவில்தார் ஆனவர், ஹவில்தாராகத்தான் வந்தார், ஆனால் நாயக் பென்ஷன் வாங்கினார். அதில் கிளார்க் தப்பு எதுவும் இல்லை, விதியே அப்படி. நீங்கள் சொல்லும் தேதிகள் சரியாக இருந்தால் 2001 மார்ச்சிலிருந்து 2002 ஜூன் வரை பதினைந்து மாதம். பத்தைத் தாண்டுகிறது. ஆகவே அந்த ப்ரமோஷன் முறையாகப் பதிவாகியிருந்தால், டிஸ்சார்ஜ் புக் மட்டும் இல்லை, பென்ஷனும் ஹவில்தாராக இருந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் கேட் பலகையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கட்டும், நான் சொல்கிறேன். ஒரே ராங்க் ஒரே பென்ஷன் திட்டம் 2014 ஜூலை 1 முதல் வந்து, 2019-லும் 2024-லும் திருத்தப்பட்டது. அந்த அட்டவணையில் பார்ப்பது ராங்க், குரூப், சர்வீஸ் வருஷம், இந்த மூன்றைத்தான். ராங்க் ஒரு படி கீழே இருந்தால் ஒவ்வொரு திருத்தத்திலும் கீழே உள்ள வரிசைதான் உங்களுக்கு. நாளைக்கு உங்கள் வீட்டம்மாவுக்குப் போகும் குடும்ப பென்ஷனும் அதே வரிசையிலிருந்துதான் போகும்.

இப்போது கேள்வி, அந்த ப்ரமோஷன் பதிவானதா இல்லையா?

கம்பெனி கமாண்டர் பட்டை குத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் மனதில் ப்ரமோஷன் நடந்த நாள். காகிதத்தில் ப்ரமோஷன் நடப்பது வேறு நாளில், வேறு இடத்தில். காலாட்படையில் ஹவில்தார் ப்ரமோஷன் அவரவர் தாய் பட்டாலியனின் சீனியாரிட்டிப்படி வருவது. நீங்களோ ஆர்ஆரில். ஆள் ஒரு இடம், சீனியாரிட்டி லிஸ்ட் இன்னொரு இடம். இரண்டு ஆபீஸும் பேசிக்கொண்டு, அந்தச் செய்தியைப் பார்ட் டூ ஆர்டராக டைப் அடித்து, நம்பரும் தேதியும் போட்டு, ஒரு நகல் ரெக்கார்ட்ஸுக்கு, ஒரு நகல் சம்பளக் கணக்கு ஆபீஸுக்கு என்று அனுப்ப வேண்டும். ரெக்கார்ட்ஸில் அதைச் சரிபார்த்து உங்கள் ஷீட் ரோலில் (உங்கள் சர்வீஸ் விவரம் முழுவதும் எழுதும் ஆவணம்) ஏற்றுவார்கள். ஏதாவது குறை இருந்தால் 'ஆப்சர்வேஷன்' என்று ஒரு சீட்டை வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ப்ரமோஷன் கேடர் (ப்ரமோஷனுக்கு முன் தேற வேண்டிய பயிற்சி) தேறிய தேதி இல்லை, கல்விச் சான்று நம்பர் விட்டுப்போனது, மெடிக்கல் கேட்டகரி எழுதவில்லை, இப்படி. திரும்பி வந்ததைச் சரிசெய்து மறுபடி அனுப்பினால்தான் அது உயிரோடு இருக்கும்.

இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டையில் ஏதோ சிக்குகிறது. நான் லான்ஸ் நாயக் கிளார்க்காக ஒரு பட்டாலியனில் இருந்தபோது, அப்படித் திரும்பி வந்த ஒரு ஆர்டரைக் கோப்பில் செருகி வைத்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். அந்த வாரமே பட்டாலியன் இடம் மாறியது. கோப்புகள் எல்லாம் மரப்பெட்டிக்குள் போய், லாரியில் ஏறி, ரயிலில் ஏறி, புது இடத்தில் எட்டு மாதம் பெட்டி திறக்கப்படவே இல்லை. அந்த நாயக் ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "சாப், என் சம்பளம் ஏன் ஏறவில்லை" என்று கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் அப்போது சர்வீசில் இருந்ததால் சரிசெய்ய முடிந்தது. அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தால், இன்று உங்களைப் போல எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். உங்களுக்கு நடந்ததும் இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு படைப்பிரிவில் இது நடக்கக்கூடிய காரியம்தான்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. 2001 மார்ச்சுக்கு அப்புறம் சம்பளம் ஏறியதா? அந்தக் காலத்தில் யூனிட்டில் அக்விட்டன்ஸ் ரோலில் கையெழுத்துப் போட்டு வாங்கியது கைச்செலவுக்குத்தான், மீதி கணக்கில் நின்றது. கையில் வாங்கியதை வைத்துச் சொல்ல முடியாது. கணக்கு ஆபீஸிலிருந்து வரும் கணக்குச் சீட்டு ஏதாவது பெட்டியில் இருக்கும், தேடிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆனபோது கிராஜுவிட்டி கணக்குப் போட்ட தாள் இருந்தால் இன்னும் நல்லது, அதில் கடைசிச் சம்பளம் இருக்கும். ஹவில்தார் சம்பளம் ஏறியிருந்தால் பார்ட் டூ ஆர்டர் கணக்கு ஆபீஸ் வரை போயிருக்கிறது என்று அர்த்தம். அங்கே போன நகல் ரெக்கார்ட்ஸுக்கும் போயிருக்க வேண்டும். உங்கள் பக்கம் பலமாகிவிடும். ஏறவே இல்லை என்றால், ஒன்று அந்த ஆர்டர் நடுவழியில் நின்றுபோனது, அல்லது உங்களுக்குக் கிடைத்தது ஆக்டிங் ராங்க். ஆள் இல்லாத இடத்தில் வேலை நடக்க வேண்டும் என்று பட்டை வைத்துக்கொள்ளச் சொல்வது நம் பட்டாளத்தில் புதிது இல்லை. அந்த இடத்தை விட்டு இறங்கினால் ராங்கும் இறங்கிவிடும்.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைத்து இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அந்தப் பதினைந்து மாதத்தில் ஏதாவது தண்டனை, சிவப்பு மை என்ட்ரி (பெரிய தண்டனையின் பதிவு), ராங்க் இறக்கம் உண்டா? உண்டு என்றால் எனக்கு எழுத வேண்டாம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மனு போடுவதற்கு முன்னால் அதை யோசித்துவிடுங்கள், ஏனென்றால் ஷீட் ரோலைத் திறந்தால் அதுவும் சேர்ந்தே வெளியே வரும்.

வெலிங்டன் போவது பற்றி. உங்கள் ரெக்கார்ட்ஸ் அங்கே இருப்பது உண்மையிலேயே அதிர்ஷ்டம். பீரங்கிப் படையில் இருந்தவர் என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஈஎம்இ (வண்டி, கருவி பழுதுபார்க்கும் பிரிவு) என்றால் செகந்தராபாத். ஏஎஸ்சியும் (சப்ளைப் பிரிவு) எம்இஜியும் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு. ஊட்டியிலும் குன்னூரிலும் இருந்துகொண்டு, வெலிங்டன் கேன்டீனுக்கு மாதாமாதம் போகிறோம், அங்கேயே கேட்டுவிடலாம் என்று போய், உங்கள் ஃபைல் இங்கே இல்லை என்று கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட், அந்தக் கஷ்டம் இல்லை. கோத்தகிரியில் காலை பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் பெரிய அதிகாரியைப் பார்த்தால் திருத்திக் கொடுப்பார்களா என்று கேட்கிறீர்களே, மாட்டார்கள். அவருக்கு மனம் இருந்தாலும் கை கிடையாது. ஆதாரம் இல்லாமல் ராங்கை மாற்றிக் கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் மாட்டுவது அவர்தான். நேரில் போவதன் லாபம் ஒன்றே ஒன்று. மனுவைக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வரலாம். அந்த முத்திரைத் தேதி பிற்பாடு ரொம்ப முக்கியமாகும், கீழே சொல்கிறேன்.

முதல் மனுவில் திருத்தம் கேட்காதீர்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். 'என் ராங்கை ஹவில்தார் என்று மாற்றித் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்' என்று எழுதினால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். ஆவணங்களைப் பரிசீலித்ததில் தாங்கள் நாயக் ராங்கில் விடுவிக்கப்பட்டதாக உள்ளது, மேல் நடவடிக்கை இல்லை. முடிந்தது. அந்தப் பதிலை நானே பல பேருக்கு டைப் அடித்திருக்கிறேன், எனக்குத் தெரியும். முதலில் காகிதத்தைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். தரவில்லை என்றால் மேல்முறையீடு உண்டு. அதிலும் 'ஏன் என்னை நாயக் என்று போட்டீர்கள்' என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் இருக்கிற காகிதத்தைக் கொடுக்கும், காரணம் சொல்லி வாதாடாது. இந்த மாதிரி எழுதுங்கள்:

"எனது ஷீட் ரோலில் ராங்க், பதவி உயர்வு, பதவி இறக்கம் தொடர்பான பக்கங்களின் சான்றளிக்கப்பட்ட நகல். 01.01.2001 முதல் 30.06.2002 வரை என் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நம்பர், தேதி, நகல். அதே காலத்தில் என் பதவி உயர்வு குறித்து வந்து, ஆப்சர்வேஷனுடன் திருப்பி அனுப்பப்பட்ட பார்ட் டூ ஆர்டர் ஏதும் இருந்தால் அதன் விவரமும், திருப்பி அனுப்பிய கடிதத்தின் நகலும். எனது லாங் ரோல் பதிவின் நகல்."

மேலே ஆர்மி நம்பர், பெயர், பட்டாலியன், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, பிபிஓ நம்பர். ராங்க் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் இப்போதைக்கு ஆவணத்தில் உள்ளபடி நாயக் என்றே எழுதுங்கள். கை கூசும், தெரியும். ஆனால் நம்பரும் ராங்கும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி மனுவைத் திருப்பி அனுப்ப ஒரு வாய்ப்பை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இதே மாதிரி ஒரு மனுவைச் சம்பளக் கணக்கு ஆபீஸுக்கும் தனியாகப் போடுங்கள், 2001 ஏப்ரலிலிருந்து எந்த ராங்கில் சம்பளம் வரவு வைக்கப்பட்டது என்ற கணக்குப் பக்கம் கேட்டு. உங்கள் ரெஜிமென்டுக்கு அதுவும் வெலிங்டனில்தான். ஊட்டியில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரின் முகப்புக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அவர்களால் ராங்கை மாற்ற முடியாது, ஆனால் அவர்கள் வழியாகப் போன மனு மேஜையில் அதிக நாள் தூங்காது என்பது என் அனுபவம்.

இதை இந்த மாதமே செய்யுங்கள். பட்டாளத்துக் காகிதத்துக்கும் ஆயுள் உண்டு. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருஷம் கழித்து அழித்துவிட்டோம் என்று ரெக்கார்ட்ஸ் சொன்ன வழக்குகள் ட்ரிப்யூனலில் கணக்கில்லாமல் இருக்கின்றன. நீங்கள் பென்ஷன்காரர், உங்கள் ஷீட் ரோல் பத்திரமாக இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பட்டாலியன் ஆபீஸ் நகல்களும், திருப்பி அனுப்பிய கடிதங்களும் அத்தனை நாள் தாங்காது. கடைசிவரை நிற்பது லாங் ரோல் என்ற பதிவேடு. அதில் உங்கள் இருபது வருஷ வாழ்க்கை ஒரே ஒரு வரிசையில் அடங்கிவிடும்.

பதில் வந்ததும் பாதை தெரிந்துவிடும். ஷீட் ரோலில் ஹவில்தார் என்று ஏறியிருந்து, டிஸ்சார்ஜ் புக் எழுதியவர் மட்டும் தப்பு செய்திருந்தால் வேலை சுலபம். அந்த நகலை இணைத்துத் திருத்த மனு போடுங்கள். ரெக்கார்ட்ஸே டிஸ்சார்ஜ் புக்கைத் திருத்தி, பென்ஷனுக்கான டேட்டா ஷீட்டைப் பிரயாக்ராஜில் இருக்கும் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பும். திருத்திய பிபிஓ அங்கிருந்து வரும். ஸ்பர்ஷில் நீங்களாகப் போய் ராங்கை மாற்றச் சொல்லிக் கோரிக்கை போடலாம்தான், ஆனால் அதுவும் சுற்றிக்கொண்டு ரெக்கார்ட்ஸின் ஒப்புதலுக்குத்தான் வரும். டிஸ்சார்ஜ் புக்கில் சரியாக இருந்து ஸ்பர்ஷுக்கு மாற்றும்போது தப்பாக ஏறியவர்களுக்கு அது சரியான வழி. உங்களுக்கு ஊற்றிலேயே அடைப்பு, குழாயைத் திருகிப் பிரயோஜனம் இல்லை.

ஆர்டர் வந்து ஆப்சர்வேஷனில் திரும்பியது என்று பதில் வந்தால், என்ன குறை என்று பார்க்க வேண்டும். கேடர் தேறிய தேதி மாதிரி ஒரு விவரம்தான் இல்லை, அது டிஸ்சார்ஜ் புக்கிலேயே வேறு பக்கத்தில் இருக்கிறது என்றால், தாய் பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசருக்கு எழுதி, மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். இன்று அந்த நாற்காலியில் இருப்பவர் நீங்கள் பட்டை குத்திக்கொண்ட நாளில் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். உங்கள் கதையை முதல் வரியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். கூட இருந்தவர்களின் கடிதமும் வையுங்கள், முக்கியமாக அன்றைய கம்பெனி சீனியர் ஜேசிஓ (சுபேதார் மட்டத்து அதிகாரி) இருந்தால். தனியாக அது போதாது, ஆனால் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கனம் கூடும்.

ஒன்றுமே இல்லை என்று பதில் வந்தாலோ, மனு போட்டு ஆறு மாதம் ஆகியும் முடிவே வரவில்லை என்றாலோ, சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். இதற்காகத்தான் அந்த முத்திரைத் தேதியைக் கேட்டேன். முதலில் ரெக்கார்ட்ஸிடம் கேட்டீர்களா, எப்போது கேட்டீர்கள் என்பதுதான் அங்கே எழும் முதல் கேள்வி. நிராகரித்துப் பதில் வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தாயே என்று கேட்பார்கள். பென்ஷன் குறைவு மாதாமாதம் தொடரும் குறை என்பதால், தாமதம் ஆனது என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவதில்லை. ஆனால் பாக்கித் தொகை வழக்கமாக வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும், சுப்ரீம் கோர்ட் 2008-ல் சொன்ன கணக்கு அது. 2002-லிருந்து மொத்தமாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது சதவீதம் பேசினால், டீ மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், கையில் ஒரு காகிதமாவது சிக்காமல் தீர்ப்பாயம் போக வேண்டாம். போட்டோவை மட்டும் நம்பிப் போனவர்கள் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

ஆகவே காகிதம் தேடுங்கள். அந்தப் பதினைந்து மாதத்தில் லீவுக்கு வந்திருப்பீர்கள், லீவ் சர்டிபிகேட்டில் ராங்க் எழுதியிருப்பார்கள். டிஸ்சார்ஜுக்கு யூனிட்டை விட்டுக் கிளம்பும்போது கொடுத்த மூவ்மென்ட் ஆர்டர், ரயில்வே வாரண்ட் அடிக்கட்டை. ஏதாவது கோர்ஸ் போயிருந்தால் அதன் சான்று. வீட்டம்மா பழைய கடிதங்களை வைத்திருந்தால், நீங்கள் அனுப்பிய உறையின் பின்பக்கம் உங்கள் கையாலேயே நம்பர், ராங்க், பெயர், 56 ஏபிஓ (பட்டாளத்துத் தபால் ஆபீஸ்) என்று எழுதியிருப்பீர்கள். நீங்களே எழுதியது என்றாலும் தபால் முத்திரைத் தேதி இருக்கிறதே, அது பேசும். மெடல்களை எடுத்து விளிம்பை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். நம்பர், ராங்க், பெயர் விளிம்பில் பொறித்திருக்கும். நீங்கள் கடைசியாக இருந்த காலம், 2001 டிசம்பரிலிருந்து பாகிஸ்தான் எல்லையில் படை குவித்த ஆபரேஷன் பராக்ரம் காலம். அந்த மெடல் உங்களுக்கு வந்து, விளிம்பில் ஹவில்தார் என்று இருந்தால், யாரோ ஒரு ஆபீஸ் உங்களை ஹவில்தாராக ஏற்றுக்கொண்டு எழுதியிருக்கிறது என்று ஆகிறது. அதைப் பக்கவாட்டில் வெளிச்சம் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நேராக எடுத்தால் எழுத்து தெரியாது.

அப்புறம் அந்தப் பழைய போட்டோ. எனக்கு முன்பக்கத்தை மட்டும்தான் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.